பனியாற்று வாயில் பிறந்த வாத்தியார் – நைன் சிங் ராவத்



சமூக அறிவியல் புத்தகத்தில் பனியாறு பற்றி ஒரு பாடம் வருது. சர்க், அரெட்டு, மொரைன், 'யு' வடிவப் பள்ளத்தாக்கு என்று வரிசையாகப் பெயர்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போடுவோம், எழுதி முடித்ததும் பேனா மூடியோடு சேர்த்து அதையும் மூடிவிடுவோம். காரணம் இருக்கு. நம்ம ஊரிலிருந்து பார்த்தால் தெரிவது சேர்வராயன் மலைதான். மார்கழி மாதம் ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும், அவ்வளவுதான். பனி ஆறாக ஓடும் என்றால் நமக்கு எப்படிப் புரியும்?

அதனால் இந்த வாரம் ஒரு மனிதரின் கதை. அவர் பிறந்தது ஒரு பெரிய பனியாற்றின் வாயில் உள்ள கிராமத்தில். பார்த்த வேலை பள்ளிக்கூட வாத்தியார் வேலை. கடைசியில் உலகமே வியந்த நில அளவையாளர் ஆனார். அவர் பெயர் பண்டிட் நைன் சிங் ராவத்.

முதலில் பனியாறு

ரொம்ப உயரமான மலையில் விழும் பனி கோடையிலும் முழுசாக உருகாது. வருஷா வருஷம் மேலே மேலே சேரும். அடியில் இருப்பது அழுந்தி அழுந்திக் கெட்டியான பனிக்கட்டி ஆகிவிடும். தன் பாரம் தாங்காமல் அது மெதுவாகச் சரிவில் நகர ஆரம்பிக்கும். நகர்வது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடியில் சிக்கிய கற்கள் மலையைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆசாரி மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார் இல்லையா, அதே வேலைதான். என்ன, இந்த உப்புத்தாள் பல நூறு அடி கனம்!

ஆறு மலையை வெட்டினால் அடி குறுகலாக, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி பள்ளம் வரும். ஏற்காடு மலைப்பாதையில் போகும்போது ஓடைகள் வெட்டிய பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். பனியாறு அப்படி இல்லை. பள்ளத்தாக்கின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நிரம்பி நகரும். அதனால் அடி அகலமாகவும் இரண்டு பக்கமும் செங்குத்தாகவும் ஆகிவிடும். புத்தகம் அதை 'யு' வடிவம் என்கிறது. நம்ம 'ப' எழுத்தை நினைத்துக்கொண்டாலும் சரிதான்.

பனியாறு தொடங்கும் இடத்தில் மலை கை வைத்த நாற்காலி மாதிரி குடையப்பட்டிருக்கும். அது சர்க். இரண்டு சர்க்குகள் முதுகோடு முதுகாக அமைந்தால் நடுவில் மிஞ்சுவது அரிவாள் முனை போன்ற ஒரு முகடு. அது அரெட்டு. பனியாறு சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் ஓரத்திலும் முன்னாலும் மேடாகக் கொட்டிவிட்டுப் போகும். அதுதான் மொரைன். தேய்த்த கல் மாவாகித் தண்ணீரில் கலப்பதால் பனியாற்றுத் தண்ணி சாம்பல் கலந்த பால் மாதிரி இருக்கும்.

மிலாம் கிராமம்

உத்தராகண்ட் மாநிலத்தில் குமாவுன் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே நந்தாதேவி சிகரம் (7,816 மீட்டர்) நிற்கும் பக்கத்தில் ஜோஹார் பள்ளத்தாக்கு. அதன் மேல்கோடியில்தான் மிலாம் பனியாறு. சுமார் 16 கிலோமீட்டர் நீளம். அது உருகி வரும் தண்ணீர்தான் கோரி கங்கா ஆறு. கோரி என்றால் அங்கே வெள்ளை என்று பொருள். கல்மாவு கலந்த அந்த வெள்ளைத் தண்ணிக்குப் பொருத்தமான பெயர். (நம்ம கோரிமேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. யாரும் கேட்க வேண்டாம்!)

பனியாற்றுக்குக் கீழே, சுமார் 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் மிலாம் கிராமம். ஏற்காடு மலையின் உச்சியான சேர்வராயன் கோயில் இருக்கும் இடமே 5,300 அடிதான். அதைப்போல இரண்டு மடங்கு!

இப்படி ஒரு இடத்தில் எப்படிப் பிழைப்பது? பனியாறு அகலமாகக் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கொஞ்சம் தட்டையான நிலம் கிடைக்கிறது. அங்கே வீடு கட்டலாம். கோடையில் வாற்கோதுமையும், பாப்பரை என்னும் ஒரு குளிர்தேசத் தானியமும் விதைக்கலாம். மேலே சரிவுகளில் பனி உருகியதும் புல்வெளிகள் வரும். ஆடுகள் மேயலாம். ஆனால் வருஷத்தில் பாதி மாதம் ஊரையே பனி மூடிவிடும். அதனால் மக்கள் ஐப்பசி வாக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆடு மாடுகளோடு கீழே முன்ஸியாரி பக்கம் இறங்கிவிடுவார்கள். வைகாசியில் திரும்ப மேலே ஏறுவார்கள். வருஷா வருஷம் ஊரே நடக்கும்.

விளைச்சல் மட்டும் போதாது. அதனால் வியாபாரம். பனியாறுகளுக்கு நடுவில், 17,000 அடிக்கு மேல் இருக்கும் உண்டா துரா போன்ற கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குப் போவார்கள். இங்கிருந்து தானியம், துணி, வெல்லம். அங்கிருந்து உப்பு, கம்பளி, வெண்காரம். சுமப்பது லாரி இல்லை, செம்மறியாடும் வெள்ளாடும்தான். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பை. ஓர் ஆடு சுமப்பது கொஞ்சம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாகப் போகும். போகிற வழியிலேயே மேயும், தீவனச் செலவு இல்லை. இந்த மக்களை சௌகா என்றும் போட்டியா என்றும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் 1830-ல் பிறந்தவர்தான் நைன் சிங். அப்பா பெயர் அமர் சிங்.

வறுமையும் வாத்தியார் வேலையும்

வீட்டில் வசதி இல்லை. கடன் இருந்தது. நைன் சிங் சின்ன வயதிலேயே அப்பாவோடு கணவாய் தாண்டித் திபெத்துச் சந்தைகளுக்குப் போனார். பேச்சு, பழக்கவழக்கம், சாமி கும்பிடும் முறை எல்லாம் அங்கேயே கற்றார். பிற்காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புதான்.

1855-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் இமயமலையை ஆராய வந்தார்கள். பனியாறுகளை அளப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று ஜோஹார் மக்களைத் தேடினார்கள். நைன் சிங்கும் சேர்ந்துகொண்டார். மானசரோவர், லடாக் என்று இரண்டு வருஷம் அவர்களோடு சுற்றினார். திசைகாட்டி, வெப்பமானி இவற்றை எப்படிப் பிடிப்பது, எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டார். தங்களோடு சீமைக்கு வரச் சொல்லி அவர்கள் அழைத்தும் அவர் போகவில்லை.

1858-ல் மிலாமில் இருந்த அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். அன்றிலிருந்து ஊரில் அவர் 'பண்டிட்'. அதாவது வாத்தியார். சுமார் ஐந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

டேராடூனில் இரண்டு வருஷம்

இங்கே நம்ம தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு வருகிறது. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவை. அதன் முதுகெலும்பு போன்ற வரிசை கன்னியாகுமரியிலிருந்து வடக்கே 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிப் போனது. நம்ம சேலம் இருப்பதும் ஏறக்குறைய அதே ரேகைதான். அட்லஸை எடுத்து அதன் மேல் விரலை வைத்து நேராக வடக்கே நகர்த்துங்கள். இமயமலை அடிவாரத்தில் டேராடூன் வரும்.

அந்த டேராடூனில்தான் அளவைத் துறையின் அலுவலகம் இருந்தது. இந்தியாவை அளந்தாகிவிட்டது. இமயமலைக்கு அந்தப் பக்கம் திபெத் மட்டும் வரைபடத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. திபெத் வெளியாட்களை உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரர் முகம் எல்லையிலேயே தெரிந்துவிடும். அதனால் மாண்ட்கோமரி என்ற கேப்டன் ஒரு யோசனை செய்தார். எல்லை தாண்டி வியாபாரம் செய்யும் மலைமக்களுக்கே அளவைப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன?

கல்வித்துறை அதிகாரி ஒருவர் மூலம் 1863-ல் நைன் சிங்கும் அவருடைய பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரர் மணி சிங்கும் டேராடூன் போனார்கள். பயிற்சி இரண்டு வருஷம்.

என்ன பயிற்சி? முக்கியமான பாடம் நடப்பது! மேடு, பள்ளம், சமவெளி எங்கே நடந்தாலும் காலடியின் நீளம் மாறக்கூடாது. ஏறக்குறைய 2,000 அடி வைத்தால் ஒரு மைல். எண்ணுவதற்குக் கையில் ஜபமாலை. பௌத்தர்களின் மாலையில் 108 மணி இருக்கும். இவர்கள் மாலையில் 100 மணிதான். 100 காலடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். பார்ப்பவர்களுக்கு ஜபம், இவருக்குக் கணக்கு! யாத்ரீகர்கள் கையில் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதிலாக எழுதும் காகிதம். பெட்டியின் கள்ள அடித்தட்டில் கோணம் அளக்கும் கருவி. கைத்தடிக்குள் வெப்பமானி. சோழிகளுக்குள் பாதரசம்.

பாதரசம் எதற்கு? கிண்ணத்தில் ஊற்றினால் அது கண்ணாடி மாதிரி சமமாக நிற்கும். வானத்து நட்சத்திரத்துக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். அதை வைத்து அந்த ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடிக்கலாம். வெப்பமானி எதற்கு? உயரம் போகப் போகத் தண்ணி குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நம்ம ஊரில் கிட்டத்தட்ட 99 டிகிரி, லாசாவில் 88 டிகிரி. டீ போடுகிற பாவனையில் தண்ணியைக் கொதிக்க வைத்தே மலையின் உயரத்தைக் கணக்குப் போட்டார்!

லாசா பயணம்

1865-ல் இருவரும் நேபாளம் வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மணி சிங்கால் அந்த வழியாகத் திபெத்துக்குள் நுழைய முடியவில்லை. நைன் சிங் விடவில்லை. வேஷம் மாற்றி வியாபாரிகளோடு சேர்ந்து வேறு வழியாக உள்ளே போனார். அக்டோபர் கடைசியில் ஷிகாட்சே நகரை அடைந்தார். அங்குள்ள மடத்தின் தலைவரான லாமாவைப் பார்க்க வேண்டிய கட்டாயம். எதிரில் இருப்பவர் மனதில் உள்ளது லாமாவுக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நைன் சிங்கும் பயந்துகொண்டேதான் போனார். போய்ப் பார்த்தால் 11 வயதுப் பையன்! நலம் விசாரித்துவிட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

கையில் காசு தீர்ந்தது. வாத்தியார் அல்லவா, அங்கே இருந்த நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார்.

1866 ஜனவரி 10-ல் லாசாவை அடைந்தார். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினார். ராத்திரியில் யாரும் பார்க்காதபோது நட்சத்திரங்களை அளந்தார். லாசாவின் அட்சரேகை 29 டிகிரி 39 நிமிடம் என்று அவர் போட்ட கணக்கு இன்றைய அளவோடு ஒத்துப்போகிறது. அங்கே இருந்தபோது ஒருநாள், அனுமதி இல்லாமல் ஊருக்குள் வந்த ஒரு சீனரைப் பொது இடத்தில் தலையை வெட்டிக் கொன்றதை நேரில் பார்த்தார். மாட்டினால் தனக்கும் அதே கதிதான். அதற்குப் பிறகு வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

ஏப்ரலில் கிளம்பி, சாங்போ ஆற்றை (நம்ம பிரம்மபுத்திராவின் மேல்பகுதி) ஒட்டி மேற்கே நடந்து, மானசரோவர் வந்து, பழக்கமான பனிக்கணவாய்கள் வழியாக இந்தியா திரும்பினார். மொத்தம் சுமார் 1,200 மைல், 25 லட்சம் காலடி. நாம் சேலத்திலிருந்து சென்னைக்கு மூன்று தடவை போய் வரும் தூரம். ஒவ்வொரு அடியும் எண்ணப்பட்ட அடி!

1867-ல் மேற்குத் திபெத்தில் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கத்தைக் கண்டு வந்தார். 1874-ல் கடைசிப் பெரும் பயணம். லே நகரிலிருந்து, யாரும் அளக்காத வடக்கு ஏரிகள் வழியாக லாசா, அங்கிருந்து தவாங், 1875 மார்ச் 1-ல் அசாமின் உதால்குரி. சுமை தூக்க அவர் தேர்ந்தெடுத்தது எதை? ஆடுகளைத்தான்! ஜோஹாரில் அப்பா காலத்துப் பழக்கம். வழியில் புல் மேய்ந்துகொண்டே சுமையோடு நடந்த 26 ஆடுகளில் கடைசி வரை வந்தவை நாலைந்துதான்.

இந்தப் பயணம் அவர் உடம்பைக் கெடுத்தது. கண்பார்வையும் மங்கியது. அதற்குப் பிறகு அவர் திரும்பவும் வாத்தியார் ஆனார். புதிய அளவையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கௌரவமும் ஒரு கேள்வியும்

பயணம் நடந்த காலத்தில் அவர் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. அறிக்கைகளில் வெறும் 'பண்டிட்'தான். பிறகுதான் வெளியே தெரிந்தது. 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அரசு சி.ஐ.இ. பட்டமும், வருமானம் வரும் ஒரு கிராமமும் கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே அவர் காலமாகிவிட்டார். 2004-ல் இந்திய அஞ்சல்துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.

இதை எழுதும்போது எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் வந்தது. திபெத்து மக்கள் வெளியாட்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். அவர்கள் டீ கொடுத்த வீட்டிலேயே உட்கார்ந்து ரகசியமாக அளந்தது சரியா? அவர்கள் பயந்தது சும்மா இல்லை. 1904-ல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் புகுந்தே விட்டது. சிலர், அவர் அரசுச் சம்பளத்துக்கு வேலை செய்த ஏழை, முடிவெடுத்தது அவர் இல்லை என்றார்கள். சிலர், அறிவு என்றைக்கும் நல்லதுதான், அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினை என்றார்கள். முடிவு வரவில்லை. நீங்களும் யோசியுங்கள்.

ஒன்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். கருவிகள் சீமையிலிருந்து வந்தவை. ஆனால் பனியிலும் சரிவிலும் ஒரே சீராக நடக்கும் கால், கணவாய் எப்போது திறக்கும் என்ற அனுபவம், ஆட்டின் முதுகில் சுமை ஏற்றும் பழக்கம், திபெத்துப் பேச்சு இவை எல்லாம் அந்தப் பனியாற்றுப் பள்ளத்தாக்கு கொடுத்தவை. சாப்பாட்டுக்காக ஊரே நடந்த நடைதான் ஒரு நாட்டின் வரைபடம் ஆனது.

மிலாம் இன்று

1962-ல் சீனாவோடு போர் வந்தது. கணவாய்கள் மூடப்பட்டன. வியாபாரம் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் வாழ்ந்த மிலாமில் பெரும்பாலான வீடுகள் கூரை இடிந்து கல்சுவராக நிற்கின்றன. கோடையில் சில குடும்பங்கள் மட்டும் வந்து விதைக்கின்றன. எல்லைக் காவல் படை முகாம் இருக்கிறது.

பனியாறும் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. 1906-ல் இந்திய நிலவியல் துறை ஆட்கள் போய், மிலாம் பனியாற்றின் முனை எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். அப்போது அந்தத் துறையின் தலைவர் தாமஸ் ஹாலண்ட். அவர் நமக்கும் வேண்டியவர்தான். நம்ம சேர்வராயன் மலையின் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவர் அவரே! அன்று குறித்த இடத்திலிருந்து முனை இன்று 1 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. விட்டுப்போன இடத்தில் மொரைன் மேடுகள் கிடக்கின்றன. நைன் சிங் சின்னப் பையனாக இருந்தபோது பனிக்கட்டி நின்ற இடம் இன்று வெறும் கல்.

செய்து பாருங்கள்

சட்டைப் பையில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது 100 அடிக்கு ஒரு கொட்டையை அடுத்த பைக்கு மாற்றுங்கள். போகும்போது எத்தனை, வரும்போது எத்தனை என்று எழுதி வைத்து ஒப்பிடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசினால் எண்ணிக்கை தப்பக்கூடாது! மூன்று நாள் செய்து ஒரே எண்ணிக்கை வந்தால், உங்கள் பெயரையும் எண்ணிக்கையையும் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

– 9-ஆம் வகுப்பு, புவியியல் மன்றம்